பத்து எண்ணு, கதவை மூடு

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி. லாரி வர வேண்டிய நேரத்துக்கு இன்னும் சரியாக எழுபத்திரண்டு மணி நேரம் இருந்தது.

லாரி வரப்போவது கொசுவுக்கு அப்போது தெரியாது. அவள் பள்ளி நூலகத்தில், மேசைக்கு அடியில் உட்கார்ந்து, கம்ப்யூட்டரின் வயரைச் செருகிக்கொண்டிருந்தாள்.

கொசு என்பது பட்டப்பெயர். அவள் குரல் அவ்வளவு சன்னம். வகுப்பில் அவள் பதில் சொன்னால் முதல் பெஞ்சுக்கு மட்டும் கேட்கும். அவளுடைய தோழி ரேடியோ வாயைத் திறந்தால் மைதானத்தில் இருப்பவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள்.

"உங்க ரெண்டு பேரையும் ஒரு பாத்திரத்துல ஊத்திக் கலக்கிப் பாதியாப் பிரிக்கணும்" என்று நூலக மிஸ் அடிக்கடி சொல்வார்.

அந்தக் கம்ப்யூட்டர் திங்கட்கிழமை மாலைதான் நூலகத்துக்கு வந்தது. புத்தகப் பட்டியல் போடுவதற்காகத் தலைமையாசிரியர் அனுப்பியிருந்தார். புதியது இல்லை. மூலையில் ஒரு கீறல் இருந்தது. விசைப்பலகையில் மஞ்சளாக ஏதோ கறை.

"செருகிட்டேன் மிஸ்" என்றாள் கொசு.

"என்னது?"

"செருகிட்டாளாம் மிஸ்!" என்றாள் ரேடியோ.

மிஸ் பொத்தானை அழுத்தினார். விசிறி சுழலும் சத்தம் கேட்டது. திரை நீலமானது. பிறகு யாரும் எதையும் தொடாமலேயே நடுவில் ஒரு கறுப்புச் சதுரம் திறந்தது. அதில் வெள்ளை எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன.

93ஆம் நாள்.
அவள் உறங்குகிறாள்.
கதவைத் திற. பத்து எண்ணு. மூடு.
சத்தம் போடாதே.

மூவரும் சத்தம் போடவில்லை.

டிக், என்றது கம்ப்யூட்டர். ஒரு நொடி கழித்து மறுபடியும் டிக். கொசு தன்னை அறியாமல் எண்ணினாள். மூன்று, நான்கு, ஐந்து. சரியாகப் பத்து முறை. அத்துடன் கறுப்புச் சதுரம் மறைந்துபோனது. ஒன்றுமே நடக்காததுபோலத் திரை நீலமாக இருந்தது.

மிஸ் நாற்காலியோடு பின்னால் நகர்ந்திருந்தார். "யாரு உறங்குறா?" என்று கேட்டார். அவர் குரல் கொசுவின் குரலைவிடச் சன்னமாக இருந்தது.

ரேடியோ மெதுவாகக் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தாள். "இங்க யாரும் இல்ல மிஸ்."

"இதை அணைச்சுடு. வியாழக்கிழமை ரிப்பேர்காரர் வருவார். உள்ள இருக்கிற எல்லாத்தையும் அழிச்சுடச் சொல்றேன்."

மதியத்துக்குள் ரேடியோ வேலையைக் காட்டிவிட்டாள். ஐந்தாம் வகுப்பில் அது நூலகத்தில் தூங்கும் ஒரு பெண். ஆறாம் வகுப்புக்குப் போனபோது அவளுக்கு நீளமான தலைமுடி வந்துவிட்டது. எட்டாம் வகுப்பில் அவள் அலமாரிகளுக்கு நடுவே நடந்துபோனதைப் பார்த்ததாகவே ஒருவன் சொன்னான்.

"தூங்குறவ எப்படி நடப்பா?" என்று கேட்டாள் கொசு.

"தூக்கத்துல நடப்பா!" என்றாள் ரேடியோ. அவளிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது.

கொசுவுக்கும் பயம்தான். ஆனால் அவளுக்கு ஒரு விஷயம் தெரியும். போன விடுமுறையில் வீட்டுக் கம்ப்யூட்டரில் அண்ணன் ஒரு வேலை செய்து வைத்தான். அதை யார் போட்டாலும் முதலில் கழுதை கத்தும். கத்தி முடித்ததும், 'கொசு, பல் தேய்த்தாயா?' என்று திரையில் வரும். முதல் நாள் அம்மா கையில் இருந்த தட்டையே போட்டுவிட்டாள்.

அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கக் கொசுவுக்கு இரண்டு நாள் ஆனது. கம்ப்யூட்டர் கண் விழித்ததும் ஸ்டார்ட்டப் என்ற ஃபோல்டரைத் திறந்து பார்க்கும். அதற்குள் யாராவது ஒரு சீட்டு எழுதிப் போட்டிருந்தால், அதில் உள்ளபடி வரி வரியாகச் செய்யும். எழுதியது யார், ஏன் எழுதினார் என்றெல்லாம் அது கேட்காது. அந்தச் சீட்டை அண்ணன் ஸ்கிரிப்ட் என்பான். அம்மா அதைத் தொல்லை என்பாள்.

ஆகவே நூலகத்துக் கம்ப்யூட்டரிலும் யாரோ எழுதித்தான் வைத்திருக்க வேண்டும். கதவைத் திறக்க வேண்டிய காரணம் அந்த யாரோவுக்குத் தெரியும்.

புதன்கிழமை காலை கொசு மணி அடிப்பதற்கு முன்பே நூலகத்துக்குப் போனாள். ரேடியோவும் வந்தாள். கொசுவைத் தனியாக விட்டால் நடப்பதைப் பார்க்க முடியாதே.

"மிஸ், அழிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாக்கட்டுமா?"

"பாரு. நான் வெளியில நிக்கிறேன். பயந்துட்டேன்னு நினைக்காதே. எனக்குக் காத்து வேணும்."

கொசு பொத்தானை அழுத்தினாள்.

94ஆம் நாள். அவள் உறங்குகிறாள்.

டிக் சத்தம் பத்தும் முடியும்வரை இருவரும் கையைக் கோத்துக்கொண்டு நின்றார்கள். பிறகு கொசு ஸ்டார்ட்டப் ஃபோல்டரைத் தேடித் திறந்தாள். அதில் ஒரே ஒரு கோப்பு இருந்தது. அதன் பெயர் 'காலை'.

உள்ளே பாதி வரிகள் கம்ப்யூட்டருக்கு எழுதியவை. இன்றைய தேதியை எடு, தூங்கிய தேதியைக் கழி, வரும் எண்ணைக் காட்டு, பத்து முறை ஒலி எழுப்பு. அதுவரை கொசுவுக்குப் புரிந்தது.

மீதி வரிகள் ஒவ்வொன்றுக்கும் முன்னால், குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்ட ஒரு குறி இருந்தது. அந்தக் குறி போட்ட வரிகளைக் கம்ப்யூட்டர் படிக்காமல் தாண்டிவிடும். பின்னால் கோப்பைத் திறந்து பார்க்கப்போகும் மனிதருக்காக எழுதும் வரிகள் அவை.

கொசு வாய்க்குள் படித்தாள்.

# எனக்கு மறதி அதிகம். அதனால் எழுதி வைக்கிறேன்.
# கதவு இந்தக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வெள்ளைக் கதவு.
# படுக்க வைத்தபோது எடை 1,180 கிராம்.
# பத்து டிகிரிக்கு மேல் போகக் கூடாது. போனால் பாதித் தூக்கத்தில் விழிப்பாள். விழித்தால் உள்ளே இருக்கும் காற்று போதாது.
# 96ஆம் நாள் எழுப்ப வேண்டும். அதற்கு மேல் தாங்க மாட்டாள்.

ரேடியோ கொசுவின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "ஆயிரத்து நூத்தெண்பது கிராமா? ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல. இவ்வளவு சின்னப் பேயா?"

"பேய்க்கு எடை கிடையாது" என்றாள் கொசு. "எடை இருந்தா உயிர் இருக்கிற ஏதோ ஒண்ணு."

அதைச் சொன்ன பிறகுதான் அவள் கடைசி வரியை மறுபடியும் படித்தாள். இன்று தொண்ணூற்று நான்கு. நாளை மறுநாள் தொண்ணூற்று ஆறு.

ரேடியோ சுற்றிலும் பார்த்தாள். கம்ப்யூட்டருக்கு ஒரு பக்கம் சுவர். இன்னொரு பக்கம் அகராதிகள். "இங்க வெள்ளைக் கதவே இல்லையே!"

கொசு அந்தக் கோப்பு முழுவதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். எழுதி முடித்துவிட்டு, "இதை எழுதினப்போ கம்ப்யூட்டர் இங்க இல்ல" என்றாள்.

"என்னது? காதுல விழல."

"கம்ப்யூட்டரைத் தூக்கிட்டு வந்தாங்க. கதவைத் தூக்கிட்டு வரல."

அது பழைய அறிவியல் ஆய்வகத்திலிருந்து வந்தது என்று மிஸ் சொன்னார். ஆய்வகம் புதிய கட்டடத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. பழைய அறை, நீண்ட தாழ்வாரத்தின் கடைசியில் இருந்தது. அந்தப் பக்கம் இப்போது யாரும் போவதில்லை.

இடைவேளையில் இருவரும் அங்கே போனார்கள். பாதித் தூரத்தில் மைதானத்துச் சத்தம் நின்றுவிட்டது. செருப்புச் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பியது. ஆய்வகத்தின் கதவு பழுப்பு நிறம். பெரிய பூட்டு தொங்கியது.

"இதுவும் வெள்ளை இல்ல. வா, போகலாம்" என்றாள் ரேடியோ, மிக அவசரமாக.

கொசு கதவில் காதை வைத்தாள்.

ஆள் இல்லாத அறைக்குள் ஏதோ முனகிக்கொண்டிருந்தது. மூச்சு விடாமல் ஒரே சீராக, ம்ம்ம்ம் என்று.

"என்ன பண்றீங்க ரெண்டு பேரும்?"

ரேடியோ அலறிய அலறல் தாழ்வாரத்தின் அந்த முனைவரை போய்த் திரும்பி வந்தது. பின்னால் நின்றவர் சாவி மாமா. ஆய்வக உதவியாளர். இடுப்பில் எப்போதும் பெரிய சாவிக் கொத்து தொங்கும். அலறலில் அவரும் ஒரு அடி குதித்திருந்தார்.

"அடியேய்! என் உயிரே போயிட்டு வந்துச்சு."

கொசு நோட்டைத் திறந்து, திரையில் வந்த நான்கு வரிகளையும் காட்டினாள். சாவி மாமா படித்தார். அவர் முகம் மாறியது.

"இது உனக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தினமும் காலையில வர்ற மெசேஜ் ஆச்சே இது!"

"உங்களுக்கா?"

"அறிவியல் டீச்சர் லீவுல போகும்போது ஒரு சீட்டுல எழுதிக் குடுத்தாங்க. 'தினமும் கம்ப்யூட்டரைப் போடுங்க, அது சொல்றதைச் செய்யுங்க'ன்னு. அவங்களுக்கு அப்பவே தொண்டை கட்டிப்போய்க் குரல் வரல. ஆபரேஷன் பண்ணணும்னாங்க. அதுலேருந்து செஞ்சேன். நாப்பத்தோரு நாள். ஞாயித்துக்கிழமைகூட வந்து திறந்துட்டுப் போனேன்."

"எதுக்குன்னு கேக்கவே இல்லையா மாமா?" என்றாள் ரேடியோ.

"யாரைக் கேக்கிறது? டீச்சருக்குப் பேச வராது. கம்ப்யூட்டருக்குக் காது கேக்காது."

"இன்னிக்குத் திறந்தீங்களா?" என்று கொசு கேட்டாள்.

சாவி மாமா விழித்தார். "திங்கக்கிழமை சாயங்காலம் கம்ப்யூட்டரை எடுத்துட்டுப் போயிட்டாங்களே. நேத்துலேருந்து மெசேஜ் இல்ல. மெசேஜ் இல்லேன்னா எனக்கும் வேலை இல்லைன்னு நினைச்சேன்."

முனகல் மட்டும் கேட்டது. பிறகு சாவி மாமா கொத்திலிருந்து ஒரு சாவியைத் தேடி எடுத்தார்.

உள்ளே மருந்து வாசனை. நாற்காலிகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. பெரிய கண்ணாடி ஜன்னல்கள் வழியாக வெயில் வந்து அறை வெதுவெதுப்பாக இருந்தது. மூலையில் காலியாக ஒரு மேசை. கம்ப்யூட்டர் இருந்த இடத்தில் மட்டும் தூசி இல்லை. அதற்குப் பக்கத்தில் ஒரு பழைய ஃபிரிட்ஜ் முனகிக்கொண்டிருந்தது.

அதன் கதவு வெள்ளை.

"நான் திறக்கும்போது மூச்சை அடக்கிக்குவேன்" என்றார் சாவி மாமா. "உள்ள ஏதோ கிருமி வளக்குறாங்கன்னு நினைச்சேன். பத்துக்குப் பதிலா அம்பது எண்ணச் சொல்லியிருந்தா நான் இருந்திருக்கவே மாட்டேன்."

அவர் மூச்சை அடக்கிக்கொண்டு கதவைத் திறந்தார். குளிர் வெளியே வந்து முழங்காலில் பட்டது. உள்ளே தட்டுகள் இல்லை. ஒரே ஒரு அட்டைப்பெட்டி. அதன் பக்கங்களில் பென்சிலால் குத்தியதுபோலத் துளைகள். மேலே ஒரு காகிதம் ஒட்டியிருந்தது: 'தொடாதே. வெளிச்சம் காட்டாதே.' பக்கத்தில் ஒரு சின்ன வெப்பமானி ஐந்து டிகிரி காட்டியது.

கொசு எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. பெட்டி அசையவில்லை. எந்தச் சத்தமும் இல்லை. கதவைத் திறந்து பிடித்திருப்பவருக்காகத்தான் கம்ப்யூட்டர் பத்து முறை டிக் என்றது என்று அவளுக்கு இப்போது புரிந்தது. பத்து. சாவி மாமா கதவை மூடிவிட்டுப் புஸ்ஸென்று மூச்சு விட்டார்.

"தொறந்து பாத்துடலாமா?" என்றாள் ரேடியோ கிசுகிசுப்பாக. அவளுக்குக் கிசுகிசுக்கத் தெரியும் என்பதே கொசுவுக்கு அன்றுதான் தெரிந்தது.

"தொடாதேன்னு எழுதியிருக்கு. நாப்பத்தோரு நாள் நான் தொடல. நீயும் தொடாதே" என்றார் சாவி மாமா. பிறகு தலையைச் சொறிந்தார். "ஆனா ஒண்ணு. வெள்ளிக்கிழமை காலையில ஒன்பது மணிக்கு லாரி வருது. இந்த அறையில இருக்கிற பழைய சாமான் எல்லாம் இரும்புக் கடைக்குப் போகுது. இந்த ஃபிரிட்ஜும்தான்."

"டீச்சர்கிட்ட சொல்லுங்க மாமா!"

"ஃபோனை அணைச்சு வச்சிருக்காங்க. போன வாரமே வர வேண்டியவங்க, இனி திங்கக்கிழமைதான் வர்றாங்க. நான் போய்த் தலைமையாசிரியர்கிட்ட சொல்லிப் பாக்கிறேன்."

அன்று மாலை அவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். "பழைய ஃபிரிட்ஜு, உள்ள பழைய அட்டைப்பெட்டி, லிஸ்ட்டுல இருக்கு, போகட்டும்னுட்டார். சாவியையும் வாங்கிக்கிட்டார். என்னைப் புதுக் கட்டடத்துல நிக்கச் சொல்லிட்டாங்க."

வியாழக்கிழமை காலை தொண்ணூற்று ஐந்து வந்தது. அதுதான் கடைசி. பத்து மணிக்கு ரிப்பேர்காரர் வந்து, வாயில் எதையோ மென்றுகொண்டே, நாலு தட்டு தட்டி எல்லாவற்றையும் அழித்துவிட்டார்.

"இனிமே உங்களை யாரும் பயமுறுத்த மாட்டாங்க மேடம்."

"நான் எங்க பயந்தேன்?" என்றார் மிஸ்.

கொசு தன் நோட்டை மார்போடு பிடித்துக்கொண்டாள். நாளைக்கு வர வேண்டிய தொண்ணூற்று ஆறு இனி எந்தத் திரையிலும் வராது. அந்தச் செய்தி இப்போது அவளிடம் மட்டும்தான் இருந்தது.

அவள் அறிவியல் அலமாரிக்குப் போனாள். குளிரில் தூங்குவது. மூன்று மாதத்துக்கு மேல் தூங்குவது. ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதல் எடை. ஒவ்வொரு புத்தகமாக எடுத்துப் பின்பக்கப் பட்டியலைப் பார்த்தாள். நான்காவது புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்க அதைப் பற்றியே இருந்தது; குளிர் நாட்டுக்காரர்கள் அந்தத் தூக்கத்துக்கு ஃபிரிட்ஜையே பயன்படுத்துவார்களாம். படமும் இருந்தது. கொசு அதை இரண்டு முறை படித்தாள்.

"என்ன? என்ன? கண்டுபிடிச்சிட்டியா? சொல்லு!" என்று ரேடியோ உலுக்கினாள்.

கொசு புத்தகத்தை மூடினாள். ரேடியோவிடம் சொன்னால் பத்து நிமிடத்தில் எட்டாம் வகுப்புக்குத் தெரியும். தப்பாக இருந்தால் வருடம் முழுக்கச் சிரிப்பார்கள். சரியாக இருந்தால் கூட்டமாகப் போய் ஆய்வகக் கதவைத் தட்டுவார்கள். சத்தம் போடாதே என்று எழுதியிருந்ததே.

"நாளைக்குச் சொல்றேன்."

"நாளைக்கா! அதுவரைக்கும் எனக்கு வயிறு வெடிச்சுடும்டி."

மதியம் அவள் தனியாகத் தலைமையாசிரியர் அறைக்குப் போனாள். அவர் காதில் ஃபோனும் கையில் பேனாவுமாக இருந்தார்.

"சார், அந்த ஃபிரிட்ஜுக்குள்ள..."

"என்னம்மா? சத்தமாச் சொல்லு."

"ஃபிரிட்ஜு சார். நாளைக்கு..."

"ஒரு நிமிஷம்" என்று ஃபோனிடம் சொன்னார். "கையெழுத்தா? குடு." அவள் நோட்டை வாங்கி, எதையும் படிக்காமல், பளிச்சென்று கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். "நல்லாப் படி. போ."

கொசு வெளியே வந்து பார்த்தாள். 'அதற்கு மேல் தாங்க மாட்டாள்' என்ற வரிக்குக் கீழே அவருடைய கையெழுத்து அழகாக இருந்தது.

பள்ளி விட்டதும் தாழ்வாரத்துக்குப் போனாள். ஆய்வகக் கதவருகே எலக்ட்ரீஷியன் ஏணியை மடக்கிக்கொண்டிருந்தார்.

"இங்க என்ன வேலை பாப்பா? கரண்ட்டை எடுத்தாச்சு. வீட்டுக்குப் போ."

அவர் போன பிறகு கொசு கதவில் காதை வைத்தாள். முனகல் இல்லை. நேற்று அந்தச் சத்தம் அவளுக்குப் பயமாக இருந்தது. இன்று சத்தம் இல்லாததுதான் அதைவிடப் பயமாக இருந்தது. உள்ளே வெதுவெதுப்பான அறையில் அந்த வெள்ளைக் கதவுக்குப் பின்னால் குளிர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டிருக்கும். ஆறு டிகிரி. ஏழு டிகிரி.

போனால் பாதித் தூக்கத்தில் விழிப்பாள். விழித்தால் உள்ளே இருக்கும் காற்று போதாது.

வீட்டுக்கு வந்ததும் கொசு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். காலையில் தைரியம் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். எப்போதும் போய்விடுகிறது. மறதிக்காரர் தனக்குத்தானே எழுதி வைத்ததைப்போல அவளும் ஒரு சீட்டு எழுதி ஸ்டார்ட்டப் ஃபோல்டரில் போட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை அண்ணன் கம்ப்யூட்டரைப் போட்டான். கழுதை கத்தியது. அதன் பிறகு கறுப்புச் சதுரம் வந்தது.

96ஆம் நாள்.
இன்று எழுப்பு.
கொசு, சத்தமாகப் பேசு.

"யாரை எழுப்பணும்? நான் எழுந்துட்டேனே!" என்றான் அண்ணன். கொசு அதற்குள் பையை மாட்டிக்கொண்டு ஓடிவிட்டாள்.

லாரி சீக்கிரமே வந்துவிட்டது. ஒன்பதுக்கு இன்னும் பதினைந்து நிமிடம் இருக்கும்போதே அது பின்பக்கத்தை ஆய்வக வாசலுக்குக் காட்டிக்கொண்டு நின்றது. நாற்காலிகள் ஏறிவிட்டன. தலைமையாசிரியர் கையில் லிஸ்ட்டோடு நின்று ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டிருந்தார். பெரிய மீசைக்காரரும் இன்னொருவரும் ஃபிரிட்ஜைச் சுற்றிக் கயிறு கட்டத் தொடங்கியிருந்தார்கள். தாழ்வாரம் முழுக்கப் பிள்ளைகள். எல்லாம் ரேடியோவின் வேலை.

"நில்லுங்க" என்றாள் கொசு.

யாருக்கும் கேட்கவில்லை. மீசைக்காரர் ஃபிரிட்ஜைச் சாய்த்தார். உள்ளே பெட்டி சறுக்கும் சத்தம் கேட்டது.

"நில்லுங்க!"

"என்ன சொல்ற?" என்று பக்கத்தில் நின்ற பையன் கேட்டான். அவனுக்கு மட்டும்தான் கேட்டிருந்தது.

கொசு கூட்டத்தில் புகுந்து போனாள். கயிற்றுக்கு அடியில் குனிந்தாள். ஃபிரிட்ஜின் மேல் இரண்டு கைகளையும் வைத்து அழுத்தினாள். அது மறுபடியும் நேராக நின்றது.

"ஏய் பாப்பா! கால்ல விழுந்தா நசுங்கிடுவே. தள்ளு!"

அவள் விலகவில்லை. முடிச்சு இன்னும் இறுகவில்லை. கயிற்றைக் கீழே இழுத்துவிட்டு, வெள்ளைக் கதவைத் திறந்தாள். குளிர் வரவில்லை. வெதுவெதுப்பான, பூட்டிக் கிடந்த காற்று முகத்தில் பட்டது. பெட்டி ஓரமாகச் சறுக்கிக் கிடந்தது.

என்ன பேசுவது என்று அவள் யோசித்து வைத்திருந்தது எல்லாம் மறந்துபோனது. நினைவில் இருந்தது ஒன்றுதான். அதையே செய்தாள்.

"ஒண்ணு" என்றாள்.

யாரோ சிரித்தார்கள்.

"ரெண்டு. மூணு."

"என்னம்மா விளையாட்டு இது? நேரமாகுது" என்றார் தலைமையாசிரியர்.

"நாலு." அவள் குரல் முதல் வரிசையைத் தாண்டியது. "அஞ்சு."

மீசைக்காரர் கயிற்றைப் பிடித்தபடியே நின்றார். எதற்கு எண்ணுகிறாள் என்று தெரியாமல் ஒருவரும் அசையத் துணியவில்லை. எண்ணி முடித்தால் என்ன ஆகும் என்பதும் தெரியவில்லை.

"ஆறு." சிரிப்பு நின்றுவிட்டது. "ஏழு." தாழ்வாரத்தின் அந்த முனையில் நின்றவர்கள்கூடத் திரும்பினார்கள். ரேடியோ வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"எட்டு."

கர்ர்ர்க்.

பெட்டிக்குள் ஏதோ அட்டையைச் சுரண்டியது. எல்லாரும் பின்னால் ஒரு அடி எடுத்து வைத்தார்கள். மீசைக்காரர் இரண்டு அடி.

"ஒன்பது."

கர்ர்ர்க். கர்ர்க். பெட்டி ஒரு பக்கமாக லேசாக நகர்ந்தது. தலைமையாசிரியர் கையிலிருந்த லிஸ்ட் கீழே விழுந்தது. அதை யாரும் எடுக்கவில்லை.

"பத்து."

கொசு கதவை மூடவில்லை. இன்று மூடத் தேவையில்லை. குனிந்து, 'தொடாதே' என்று எழுதிய பெட்டியை இரண்டு கைகளாலும் மெதுவாக வெளியே எடுத்தாள். கனமாகத்தான் இருந்தது. மூடியைத் தூக்கினாள். உள்ளே காய்ந்த இலைகள் அசைந்தன. அவள் பார்த்தாள். புத்தகத்தில் இருந்த படம் சரிதான்.

"அம்மா," என்றார் தலைமையாசிரியர். அவர் குரல் இப்போது கொசுவின் குரல்போல ஆகியிருந்தது. "உள்ள... உள்ள யாரு?"

கொசு நன்றாக மூச்சை இழுத்துக்கொண்டாள். அவள் சொன்னது லாரியைத் தாண்டி, மைதானத்தைத் தாண்டி, புதுக் கட்டடத்தில் நின்ற சாவி மாமாவுக்கே கேட்டது.

"ஆமை சார்! தொண்ணூத்தாறு நாளாத் தூங்கினா. இப்போ எழுந்துட்டா!"